பாடம் நடத்துவது தவிரப் பேராசிரியருக்கு வேறென்ன வேலை?

கேள்வி: 6 ஜூலை 2025

என் மகள் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கிறாள். போன பருவத்தில் ஒரு தாளில் பாதிப் பாடம்தான் நடந்தது. கேட்டால் "சார் முகாமுக்குப் போயிருக்கார்" என்றாள், அடுத்த வாரம் "சார் கருத்தரங்குக்குப் போயிருக்கார்". ஆய்வுக்கு ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. ஊருக்கு நல்லது செய்யத் தொண்டு அமைப்புகள் இருக்கின்றன. நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர் ஒழுங்காக வகுப்பு எடுத்தால் போதாதா? உள்ளே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

6 ஜூலை, இரவு

உள்ளே இருப்பவன்தான். விலங்கியல் துறை, அரசுப் பல்கலைக்கழகம், ஊர் பேர் வேண்டாம்.

வகுப்பு நடக்கவில்லை என்றால் அது தப்பு. முகாமும் அதற்குச் சாக்கில்லை, கருத்தரங்கும் சாக்கில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2010 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, பேராசிரியருக்கு 14 மணி நேரம். மொத்த வேலை வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஏழு நாள்தான். திரும்பி வந்து ஈடுவகுப்பு எடுத்திருக்க வேண்டும். துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே ஒரு பதில் வரும், அதோடு முடிந்துவிடும்.

ஆய்வு ஒரு இடம், ஊர் ஒரு இடம், வகுப்பு ஒரு இடம் என்று பிரித்தீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நாளை எழுதுகிறேன், விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

7 ஜூலை

மூன்றும் ஒரே நாளில் பல்கலைக்கழகத்துக்குள் வந்து சேரவில்லை. அமெரிக்காவில் 1862இல் ஒரு சட்டம் போட்டு, மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, உழவும் தொழிலும் கற்பிக்கக் கல்லூரி தொடங்கச் சொன்னார்கள். பாடம் நடத்த ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, சொல்லிக்கொடுக்கக் கையில் சரக்கு இல்லை என்று. 1887இல் இன்னொரு சட்டம், கல்லூரியோடு ஆராய்ச்சிப் பண்ணைகள் வந்தன. பண்ணையில் கண்டது வயலுக்குப் போகவில்லை. 1914இல் மூன்றாவது சட்டம், ஊர் ஊராகப் போய்ச் சொல்ல ஆள் போட்டார்கள். ஆக, பாடத்துக்குத் துணையாக ஆய்வும் ஆய்வுக்குத் துணையாக ஊரும் வந்துசேர 52 வருடம்.

நம் நாட்டு வேளாண் பல்கலைக்கழகங்கள் இந்த வார்ப்பில் வந்தவை. முதலாவது 1960இல் பந்த்நகர். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1971. அதற்கு வேர் இன்னும் ஆழம்: 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி, 1906இல் கோவைக்கு இடம் மாறியது. விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவது 1974இல் புதுச்சேரியில் திறந்தபோது அதை நடத்தியதும் கோவைதான்.

எங்களைப் போன்ற பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு இந்தச் சரித்திரம் கிடையாது. நாங்கள் தேர்வு நடத்தப் பிறந்தவர்கள். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆரம்ப வேலையே கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது. ஆய்வு பின்னால் வந்தது. ஊர் அதற்கும் பின்னால். 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. 1977இல் யுஜிசி தன் கொள்கையில் விரிவாக்கப் பணியை, அதாவது அறிவை ஊருக்குக் கொண்டுபோகும் வேலையை, கல்விக்கும் ஆய்வுக்கும் சமமான மூன்றாவது பரிமாணம் என்று எழுதிவைத்தது. எழுதிவைத்தது நன்றாகத்தான் இருக்கிறது.

7 ஜூலை, இரவு

"நீங்கள் சரித்திரம் சொல்கிறீர்கள், நான் வகுப்பைக் கேட்கிறேன்" என்று பதில் வந்திருக்கிறது. நியாயம். அப்படியானால் ஒரு பூச்சிக் கதை.

9 ஜூலை

2008இல் கோவைப் பக்கம் பப்பாளியில் வெள்ளையாக மாவு பூசியது போல ஒரு பூச்சி. பப்பாளி மாவுப்பூச்சி. மத்திய அமெரிக்கச் சரக்கு. பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, வீட்டு வாசல் செம்பருத்தி, ரோட்டோரப் பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல் என்று பரவியது. உடம்பு முழுக்க மெழுகு என்பதால் அடித்த மருந்து ஒட்டாமல் வழிந்துவிடும். மருந்துக்கடைக்குக் கொண்டாட்டம், விவசாயிக்குக் கடன். பட்டுக்கூடு எடுப்பவர்கள் பாடு இன்னும் மோசம். மல்பெரிக்கு மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் புழுவும் சாகும்.

2010 ஜூலையில் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் அமெரிக்காவுக்குச் சொந்தமான போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அதில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயே தின்று வளரும். வேளாண் பல்கலைக்கழகமும் அதன் ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதைப் பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுத்தன. அதே ஆண்டு அக்டோபரில் வயலில் விட ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே மாவுப்பூச்சி பெரிய பிரச்சினையாக இல்லை.

குளவியைப் பெருக்க வேண்டுமானால் முதலில் மாவுப்பூச்சியைப் பெருக்க வேண்டும். அதற்கு என்ன தீனி தெரியுமா? முளைவிட்ட உருளைக்கிழங்கு. அப்போது நான் ஆய்வு மாணவன், இப்படி ஒரு வளர்ப்பறையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். இருட்டறை, தட்டுத் தட்டாகக் கிழங்கு, நீளமாக வெளிறிய முளைகள், அதன்மேல் மாவு. பழுத்த கிழங்கின் வாடை மூக்கில் ஏறும். அங்கே வேலை செய்துகொண்டிருந்தது பெரும்பாலும் மாணவர்கள். தோட்டத்திலிருந்து பாதித்த இலையோடு வந்த ஒரு விவசாயி வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அன்றைக்கு நடந்தது பாடமா, ஆய்வா, சேவையா? எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

9 ஜூலை, பிற்சேர்க்கை

சேலத்து நண்பர் ஒருவர் "அது அமெரிக்கா கொடுத்த குளவி, நம் பல்கலைக்கழகத்துக்கு என்ன பெருமை" என்கிறார். குளவி வந்தது குப்பியில். குப்பியிலிருந்து தோட்டத்துக்குப் போனது எப்படி என்பதுதான் என் கதை. அவர் ஊர் பக்கமே அடுத்த கதையும் இருக்கிறது: மரவள்ளி மாவுப்பூச்சி. 2020இல் கேரளத்தில் தென்பட்டு அப்புறம் சேலம், நாமக்கல் மரவள்ளிக்காடுகளுக்கு வந்தது. இதற்கான குளவி மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வந்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்து விட்டார்கள். ஆப்பிரிக்காவில் பட்டினியைத் தடுத்த குளவி இன்றைக்கு நம் ஜவ்வரிசிக்குக் காவல். இரண்டாவது தடவை வேலை சீக்கிரம் நடந்ததற்குக் காரணம், பப்பாளிக் காலத்தில் கை பழகியவர்கள் இருந்தார்கள். பணம் கொடுத்து இதை உடனே வாங்க முடியாது.

14 ஜூலை

கல்லூரி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேளாண்மைக்குச் சரி, அங்கே சம்பளத்திலேயே விரிவாக்கம் இருக்கிறது. நமக்கு?"

நமக்கு முகாம் இருக்கிறது. திட்ட அலுவலராக நானும் இருந்திருக்கிறேன். ஓர் அணிக்கு நூறு மாணவர், ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஊரின் தேவையைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பதாகத் தோன்றும். உண்மையில் முதல் கேள்வி, மாணவிகள் தங்க இடம் இருக்கிறதா, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருமா. இரண்டாவது, சமையலுக்கு யார். மூன்றாவது, ராத்திரி யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம். இவை அத்தனைக்கும் ஆம் என்று வருகிற ஊர் ஏற்கெனவே கொஞ்சம் வசதியான ஊர். நிஜமாக ஆள் தேவைப்படும் ஊர் பட்டியலிலேயே வராது. இதற்குத் திட்ட அலுவலரைக் குறை சொல்லாதீர்கள். அணியில் பாதி, முகாமுக்கு வரும் ஐம்பது பேர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்றால் நீங்களும் தாழ்ப்பாளைத்தான் பார்ப்பீர்கள்.

முதல் நாள் தொடக்க விழாவும் பொன்னாடையும். கடைசி நாள் நிறைவு விழாவும் பொன்னாடையும். இடையில் ஐந்து நாள். அதில் ஒரு நாள் கண் பரிசோதனை முகாம். அது ஒன்று மட்டும் நிச்சயம் யாருக்காவது உபயோகப்படும்.

14 ஜூலை, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்தால் முகாமே வெட்டி என்று சொல்வது போல இருக்கிறது. அப்படி இல்லை. நகரத்துப் பிள்ளைகள் ஓர் ஊரில் ஏழு ராத்திரி தூங்குவதே அவர்களுக்குப் படிப்பு. ஆனால் அதில் பயன் பெறுவது மாணவர்கள். ஊருக்குச் சேவை செய்ததாகச் சொல்லிக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது. ஊர்தான் நமக்குச் சேவை செய்தது. சாப்பாடு போட்டு, பாயும் தலையணையும் கொடுத்து.

20 ஜூலை

தென்னை பற்றி எழுதச் சொன்னவருக்கு.

எங்கள் அப்பாவுக்கு ஆனைமலைப் பக்கம் கொஞ்சம் தோப்பு. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக மெழுகோடு முட்டை வைக்கும். சாறு குடித்துவிட்டுத் தேன் போலக் கழிக்கும், அது கீழ் ஓலைகளில் படிந்து அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும். தோப்பே அடுப்புக்கரி பூசியது போல ஆகிவிடும். பார்க்கிற யாருக்கும் மருந்தடிக்கத்தான் கை வரும். பல்கலைக்கழகம் சொன்னது வேறு: மருந்து அடிக்காதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். ஏக்கருக்கு எட்டுப் பத்து மஞ்சள் ஒட்டுப்பொறியில் ஆமணக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளியுங்கள், காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிரும். மற்றதை என்கார்சியா என்ற குட்டிக் குளவி பார்த்துக்கொள்ளும்.

அப்பா அதைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னது: "ஏப்பா, மரத்துக்குத் தோசை சுடச் சொல்றாங்களா?"

சிரித்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், மருந்து அடிக்காதே என்று ஒரு விவசாயியிடம் சொல்வதைவிடக் கஷ்டமான விரிவாக்கப் பணி எது? அடி என்று சொல்ல மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். அவர் ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பார், கடன் கொடுப்பார், போனை எடுப்பார். நம் நாட்டின் முதல் விரிவாக்க அலுவலர் அவர்தான். எதிர்ப்பக்கம் நிற்கிற பல்கலைக்கழகத்துக்கு ஆதாரத்தைத் தவிர வேறு பலம் இல்லை.

21 ஜூலை

நேற்று பாதியில் விட்டது. ஆதாரம் என்றேனே, அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

வெள்ளை ஈ கூட்டிலிருந்து தானாக வெளியே வந்தால் கூட்டின் முதுகில் ஆங்கில 'டி' வடிவில் ஒரு பிளவு விடும். உள்ளே குளவி இருந்து, அது வெளியே வந்தால் வட்டமாக ஓட்டை போட்டுவிட்டு வரும். அவ்வளவுதான். பத்து மடங்கு லென்ஸ் போதும். ஓலையைத் துண்டு போட்டு, வாட்டர்கலர் பிரஷால் மெழுகை மெதுவாகத் துடைத்துவிட்டு, டி எத்தனை, வட்டம் எத்தனை என்று எண்ண வேண்டும்.

எங்கள் துறையில் ஒட்டுண்ணிகள் பற்றிய பாடம் முன்பு படத்தைப் பார்த்து வரைவதோடு முடியும். ஊருக்குப் போகும் பிள்ளைகள் தங்கள் பக்கத்துத் தோப்பிலிருந்து ஓலைத் துண்டு கொண்டுவர வேண்டும் என்று மாற்றினேன். உடுமலை, கிணத்துக்கடவு, பாலக்காட்டு எல்லை என்று பல இடத்து ஓலை மேசைக்கு வந்தது. ஒரு மாணவி கொண்டுவந்ததில் எல்லாமே டி. வட்டமே இல்லை. ஏன் என்று கேட்டால், அவள் சித்தப்பா விடாமல் மருந்தடித்திருக்கிறார். அடுத்த தோப்பில் அடிக்கவில்லை, அங்கே பாதிக்கு மேல் வட்டம். அந்த இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வகுப்பு அமைதியானது. நான் நடத்திய எந்த விரிவுரைக்கும் அப்படி அமைதியாக இருந்ததில்லை.

அவள் லென்ஸைக் கடன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்ச் சித்தப்பாவுக்குக் காட்டியிருக்கிறாள். அவர் உடனே மருந்தை நிறுத்திவிட்டார் என்று எழுதினால் அழகாக இருக்கும். நிறுத்தவில்லை. குறைத்தார். "வட்டம் வந்திருச்சான்னு பாரு" என்று அவ்வப்போது ஓலை கொடுத்தனுப்பினார். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எனக்கு முக்கியம்: மஞ்சள் பொறியில் வெள்ளை ஈயோடு சேர்ந்து குளவியும் ஒட்டிச் சாகாதா?

எங்கள் துறையில் யாருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு முதுநிலை மாணவன் அதையே தன் ஆய்வறிக்கைக்கு எடுத்துக்கொண்டான். பொறியை உயரம் மாற்றி மாற்றிக் கட்டி, ஒட்டியதை எண்ணினான்.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான். ஊருக்குப் போவது எதையோ கொடுத்துவிட்டு வருவதற்கு மட்டும் இல்லை, கேள்வி எடுத்துவருவதற்கு. கேள்வி வராவிட்டால் ஆய்வு போன வருட ஆய்வின் நகலாகிவிடும். பாடமும் அப்படியே.

22 ஜூலை

"உங்கள் மாணவி கதை நன்றாக இருக்கிறது, பதவி உயர்வுக்கு அதில் எத்தனை மதிப்பெண்?" என்று ஒருவர். சிரிப்பான் போட்டிருக்கிறார். வலிக்கிற இடம்.

2010 விதிமுறையில் மூன்று பிரிவு வைத்தார்கள். முதல் பிரிவு கற்பித்தல், இரண்டாவது மாணவர் சார்ந்த பணிகளும் விரிவாக்கமும், மூன்றாவது ஆய்வு. இரண்டாம் பிரிவில் ஓர் ஆண்டு முழுவதற்கும் குறைந்தபட்சம் 15 தேவை. மூன்றாம் பிரிவில் மதிப்பீட்டு முறையுள்ள இதழில் ஒரே ஒரு கட்டுரைக்கு 15. கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்தவர் எங்கே போவார்? கட்டுரைத் தொழிற்சாலைகள் முளைத்தன. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சேறும். 2018 மே மாதம் யுஜிசி தான் அங்கீகரித்த இதழ்ப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே மூச்சில் தூக்கியது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்பதையும் 2022இல் கைவிட்டார்கள். 2018இல் மதிப்பெண் முறையையும் மாற்றினார்கள், ஆனால் அது போட்ட பழக்கம் போகவில்லை.

ஓலைத் துண்டு எண்ணியதை நான் எந்தப் பிரிவில் காட்டினேன் என்று கேட்டால், மூன்றிலும் காட்ட முடியவில்லை. செய்முறை வகுப்பு என்பதால் முதல் பிரிவில் ஏற்கெனவே அந்த மணி நேரம் எண்ணப்பட்டுவிட்டது. பேனர் இல்லாததால் இரண்டாவதில் "ஆதாரம் இணைக்கவும்". மூன்றாவதுக்குத் தரவு போதாது. பொறி பற்றிய ஆய்வறிக்கை மாணவன் பெயரில், அது நியாயம்.

பேனர் விஷயம் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிகழ்ச்சி நடந்தது என்பதற்குச் சான்று, பேனர் பின்னணியில் எடுத்த, இடமும் நேரமும் பதிந்த புகைப்படம். பேனர் அடிக்கிற கடைக்காரருக்கு எங்கள் துறையின் ஆண்டறிக்கை மனப்பாடம்.

2 ஆகஸ்ட்

கௌரவ விரிவுரையாளர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம்: ஆண்டுக்கு 11 மாதச் சம்பளம், மே மாதம் ஒன்றும் இல்லை. நிரந்தர ஆசிரியர் இல்லை என்பதால் முனைவர் பட்ட வழிகாட்டியாக முடியாது. ஆனால் வகுப்பும் அவர்தான், விடைத்தாளும் அவர்தான், முகாமுக்குப் பேருந்து பிடிப்பதும் அவர்தான். "மூன்று கடமை பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு முழுச் சம்பளம் பற்றிப் பேசட்டும்."

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் சொன்ன ஓலைத் துண்டுக் கதை முழுக்க நிரந்தர வேலையில் இருப்பவனின் கதை. பாடத்தை மாற்றிப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததே, யாரும் என்னை அடுத்த ஜூனில் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதால்தான். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவரிடம் போய் "ஊரிலிருந்து கேள்வி எடுத்து வாருங்கள்" என்று சொல்வது அநியாயம். யுஜிசியே 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்றது. எந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது கையில் வருகிறது என்று அவரவர் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காலியிடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு மூன்றாவது பரிமாணம் பேசினால் யாருக்கும் கோபம்தான் வரும்.

3 ஆகஸ்ட்

கணிதத் துறை நண்பர் கிண்டல்: "நாங்கள் எந்தத் தோப்புக்குப் போய் எந்த ஓட்டையை எண்ணுவது?"

நீங்கள் எங்கேயும் போக வேண்டாம் சார். நூலகத்தைச் சனிக்கிழமை ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள், பெரிய சேவை.

கிண்டலை ஒதுக்கிவிட்டால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஒவ்வொரு ஆசிரியரும் மூன்றையும் சம அளவில் செய்ய வேண்டும் என்பதே தப்பான கணக்கோ என்று இப்போது தோன்றுகிறது. எண் கோட்பாட்டில் மூழ்கியவரை ஊர்வலத்தில் பதாகை பிடிக்க வைப்பதில் யாருக்கு லாபம்? பாடம் சொல்வதில் மன்னர்கள் சிலர் உண்டு, அவர்களுக்குக் கட்டுரை எழுத வராது. ஆளை விட்டுவிடுங்கள், துறையைக் கேளுங்கள். துறைக்குள் மூன்றும் நடக்கிறதா, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏதாவது போய்ச் சேருகிறதா? 14ஆம் தேதிக் குறிப்பில் முகாமைக் குறை சொன்னேனே, அதன் நிஜக் குறை அதுதான். முகாமில் மாணவர்கள் பார்த்தது திங்கட்கிழமை வகுப்புக்குள் வரவே இல்லை. ஊரில் வாய்க்கால் தண்ணீரில் நுரை வருகிறது என்று ஒரு பையன் முகாம் அறிக்கையில் எழுதியிருந்தான். எதிர் அறையிலேயே வேதியியல் துறை. அந்தத் தண்ணீரை யாரும் ஒரு பாட்டிலில்கூடப் பிடித்துவரவில்லை.

3 ஆகஸ்ட், இரவு

காந்திகிராமத்தைப் பற்றி எழுதவில்லையே என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். எழுதுகிறேன். டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கியது, கிராமிய நிறுவனம் 1956இல் தொடங்கியது, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே கிராமத்தில் போய்த் தங்குவது பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. என் பெரியம்மா மகள் அங்கே படித்தாள். அவள் இன்றைக்கும் புதிதாக ஓர் ஊருக்குப் போனால் முதலில் தண்ணீர்த் தொட்டி எங்கே, அதை யார் திறந்துவிடுகிறார் என்றுதான் பார்ப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் பயந்துவிடுவார்கள்.

17 ஆகஸ்ட்

வேளாண் மாணவிகள் ஊரில் தங்கிப் பயிற்சி எடுப்பார்களே, ராவே என்பார்கள். பேப்பரில் "வேளாண் மாணவிகள் செயல்விளக்கம்" என்று போட்டோ வருமே, அதே. அப்பா தோப்புக்கு ஒரு குழு வந்திருந்தது. நான் லீவில் இருந்தேன்.

வேர் மூலம் தென்னை டானிக் கொடுப்பதைச் செய்து காட்டினார்கள். மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில் உயிருள்ள வேரைத் தேடி, நுனியைச் சாய்வாகச் சீவி, டானிக் பையில் விட்டு நூலால் கட்ட வேண்டும். 40 மில்லி டானிக்கோடு 160 மில்லி தண்ணீர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. மாணவி நீட்டாகத்தான் சொன்னாள், வேர் மட்டும் அகப்படவில்லை. அவள் தோண்டியதெல்லாம் கறுத்த கிழட்டு வேர். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்து, "அம்மணி, இது குடிக்காது. செவப்பா இருக்கறதைப் பாரு" என்று வேறு பக்கம் கொத்திக் காட்டினார். அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற அவளுடைய பேராசிரியர் குறுக்கே பேசவில்லை. நல்ல ஆசிரியர்.

அன்று சாயங்காலம் கோவில் முன்னால் கோலப்பொடியில் ஊர் வரைபடம் போட்டார்கள். எந்தக் கிணறு வற்றியது, எந்தத் தெருவில் யார் என்று ஊர்க்காரர்களே குச்சியை வாங்கித் திருத்தினார்கள். அதில் ஒரு சண்டையும் வந்தது, பொதுப்பாதையை யார் தோட்டத்துக்குள் வரைவது என்று. பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் இருக்காது.

18 ஆகஸ்ட்

"எல்லா ராவேயும் இப்படி இல்லை, போட்டோவுக்கு ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவதும் உண்டு" என்று வேளாண் பட்டதாரி ஒருவர். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தோப்புக்கும் முந்தைய வருடம் அப்படி ஒரு குழு வந்தது. விவசாயி என்று என்னையே நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

19 அக்டோபர்

நடுவில் எழுத முடியவில்லை. ஆண்டுத் தர அறிக்கை, அதற்கான ஒன்பது வகைப் படிவம், அதற்கு ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஒரு பேனர்.

கொய்யாவிலும் இதே வெள்ளை ஈ தெரிகிறது, இதே முறையில் எண்ணலாமா என்று பழனிப் பக்கத்து ஆசிரியர் கேட்டிருந்தார். எண்ணலாம். சுருள் வெள்ளை ஈ கொய்யா, வாழை என்று பலதிலும் வரும். ஆனால் கொய்யாவில் வேறு வகை வெள்ளை ஈக்களும் கலந்திருக்கும், முதலில் அதைப் பிரித்தறியச் சொல்லுங்கள். இலையைப் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், வியர்த்து மெழுகெல்லாம் கூழாகிவிடும். பழைய செய்தித்தாளில் சுற்றி, தேதியும் தோட்டமும் மருந்து அடித்தாரா இல்லையா என்பதும் பென்சிலில் எழுதுங்கள். பேனா ஈரத்தில் கலைந்துவிடும். மருந்து அடித்ததைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், "கடைசியாக எப்போது அடித்தீர்கள்" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

எண்ணும் தாளின் மாதிரியைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கட்டம்தான், டி, வட்டம், இன்னும் திறக்காதது. திறக்காததை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வாயைத் துணியால் கட்டி வையுங்கள், உள்ளே இருந்தது எது என்று அதுவே சொல்லும். எனக்குச் செய்முறைத் தேர்வு நடக்கிறது, முடிந்ததும் தாளைப் படம் எடுத்துப் போடுகிறேன்.